வரி நோட்டில் அரைப் புள்ளி

மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டும் முன்பு ஊர்க்கூட்டம் கூடும். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்று முடிவானதும் ஒருத்தர் நீள நோட்டை மடியில் விரித்துப் பெயர்களை வாசிப்பார். "அது முழு வரி", "பெரியவன் தனிக்குடித்தனம் போயிட்டானுங்க, தனியா எழுதுங்க" என்று நாலாபக்கமும் திருத்தம் வரும். நடுவில் ஒரு பெயர் வரும்போது மட்டும் எல்லார் குரலும் தணியும். புருஷன் இறந்துபோன வீடு, இல்லையென்றால் புருஷன் விட்டுவிட்டுப் போன வீடு. "அந்தப் புள்ளைகிட்டப் போயி எதுக்குங்க வரி, உட்டுப்போடுங்க." நாலு பேர் தலையாட்ட, நோட்டுக்காரர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே கிடையாது. அந்தக் கோட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என்றாலும் அந்த "உட்டுப்போடுங்க" ஒவ்வொரு நோம்பிக்கும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏனென்றால் அது நோம்பி முடிந்ததும் மூடி வைக்கிற நோட்டு இல்லை. மறு கூட்டத்துக்கு யாருக்கெல்லாம் சொல்லிவிடுவது, ஊர் வாட்ஸ்அப் குழுவில் எந்த எண்ணைச் சேர்ப்பது, கோயில் கணக்கை யாரிடம் வாசித்துக் காட்டுவது என்பதெல்லாம் அதில் உள்ள முழுப் புள்ளிகளை, அதாவது முழு வரி கட்டுகிற வீடுகளை, வைத்துத்தான். வரி கட்டினவர் "போன வருசம் மிச்சம் எவ்வளவுங்க?" என்று கேட்கலாம். கட்டாதவர் அதையே கேட்டால் பதிலுக்குப் பதிலாகச் சிரிப்பு வரும். கோயில் கூட்டத்தில் பாதிப் பேச்சு கோயிலைப் பற்றியதே இல்லை என்பதும் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். போர்வெல் மோட்டார், இட்டேரிக்குத் தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, வார்டுக்கு யாரை நிறுத்துவது எல்லாம் அங்கேயே முக்கால்வாசி முடிவாகிவிடும். பஞ்சாயத்து அலுவலகத்தில் நடப்பது மீதிக் கால்வாசிதான்.

இதே ஊரில் டீக்கடைப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "ஒத்தையா வளத்துற புள்ளைங்க அடங்காதுங்க, அதுலதான் ஊரே கெட்டுப்போகுது" என்பார்கள். ஒற்றைப் பெற்றோரால் ஊர் வளர்ச்சிக்கு என்ன கேடு என்று கேட்பதே தலைகீழ்க் கேள்வி என்பது என் கட்சி. ஒரே ஆள் சம்பாதித்து, சமைத்து, பிள்ளையையும் பார்க்கிற வீட்டில் முதலில் தீர்ந்துபோவது நேரம், காசு அப்புறம்தான். ஊரின் கூட்டம், குழு, குழாய்த் தண்ணீர், அலுவலகம் எல்லாமே இரண்டு பேர் இருக்கிற வீட்டை மனதில் வைத்து நேரம் குறித்தவை. அந்த நேரத்துக்கு வர முடியாதவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்காரியத்திலிருந்து கழன்றுபோகிறார். பிள்ளை அடங்குகிறதா இல்லையா என்பதைவிட, இப்படிக் கழன்றுபோகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஊரைப் பாதிக்கிறது.

மாத்தி உட ஆளில்லை

தறிப்பட்டறையில் சாப்பிடப் போகிறவரின் தறியைப் பக்கத்துத் தறிக்காரர் கால்மணி நேரம் பார்த்துக்கொள்வார். மாத்தி உடறது என்பார்கள். மாத்தி உட ஆள் இல்லையென்றால் தறியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்; நின்ற தறிக்குக் கூலி கிடையாது. ஒற்றைப் பெற்றோர் வீட்டின் கதை இதேதான். திருப்பூர்க் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு மிஷினில் உட்கார்ந்தால் மாலை 5.30க்கு ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். பள்ளிக்கூடம் நாலேகாலுக்கெல்லாம் விட்டுவிடும். அதிலிருந்து எட்டரை வரைக்கும், நாலேகால் மணி நேரம், பிள்ளை எங்கே இருக்கும்? அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்தால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்போதும் 4.15க்கும் 5.30க்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். சனிக்கிழமை பள்ளி லீவு, கம்பெனி லீவு இல்லை. ஷிப்மென்ட் வாரத்திலும் தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் எட்டரைக்குக்கூட விடமாட்டார்கள். வீட்டில் இன்னொருத்தர் இருந்தால் இதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்கிற விஷயம். இல்லாதபோது ஒவ்வொன்றும் கூலியில் கழிகிறது.

ஆகவே நிறையப் பேர் சந்துக்குள் எட்டுப் பேர், ஒன்பது பேர் வேலை செய்கிற ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போகிறார்கள். பிசிறு வெட்டுவது, கைமடி, செக்கிங். பள்ளி விட்டதும் பிள்ளை நேராக அங்கே வந்து துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், சில நாள் டீயோடு ஒரு பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுப்பார். இந்த வசதியின் விலை உடனே தெரியாது. இ.எஸ்.ஐ. பத்துப் பேராவது இருக்கிற இடத்துக்குத்தான், பி.எஃப். இருபது பேர் இருக்கிற இடத்துக்குத்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வைக்கச் சொன்னது. 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. இவையெல்லாம் பெரிய கம்பெனியின் சுவருக்குள் நின்றுவிடுகின்றன. ஒரே ஆளின் சம்பாத்தியத்தில் ஓடுகிற வீட்டுக்குத்தான் இ.எஸ்.ஐ. அவசியம். அந்த வீட்டுக்காரர்தான் பிள்ளைக்காக இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்.

காலை நேரத்துச் சிக்கலை அரசு கொஞ்சம் அவிழ்த்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைச் சத்துணவின் தொடர்ச்சி என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளான லைன் வீட்டுக் காலை தெரியாது. ஏழரைக்குக் கம்பெனி வேனைப் பிடிக்கிற அம்மாவுக்கு அது அடுப்பு வேலையில் அரைமணி நேரம். 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வியும் அப்படித்தான். கொரோனாவில் விட்டுப்போன பாடத்துக்காக என்று தொடங்கினார்கள். மாலை 5 முதல் 7 மணிக்குள் தெருவிலேயே வகுப்பு நடந்ததால், பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கவலைக்கும் அது விடையாக இருந்தது. மாலைக்கு அப்படி ஒரு ஏற்பாடு நிரந்தரமாக இருந்தால் பஸ், பணம், படிப்பு எல்லாம் அதன் பின்னால் வரும் என்று தோன்றுகிறது.

அரசு வரும்வரை லைன் வீட்டுக் காம்பவுண்டுகளே ஒரு வழி வைத்திருக்கின்றன. வேலைக்குப் போகாத ஒரு பெரியம்மா நாலைந்து பிள்ளைகளை எட்டரை வரை பார்த்துக்கொள்வார். இது எங்கே உடைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் காசு விஷயத்தில். பிள்ளை வராத நாளுக்குப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் பெரியம்மாவுக்குக் கட்டுபடியாகாது. வந்தாலும் வராவிட்டாலும் வாரத்துக்கு இவ்வளவு என்று பேசி, சம்பளம் வாங்குகிற சனிக்கிழமையே கையில் கொடுத்துவிட வேண்டும். பலகாரச் செலவைத் தனியாக வைக்க வேண்டும், சேர்த்துப் பேசினால் ஆறுமாதத்தில் பிஸ்கட் நின்றுவிடும். பள்ளியிலிருந்து யார் கூட்டிப்போகலாம் என்பதை வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கணவன் தகராறு செய்கிற வீட்டில் இது இன்னும் முக்கியம். காய்ச்சல் வந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு விட முடியாது. அதற்கு இரண்டாவது வீடு ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்காதவர்கள் அன்றைக்கு ஒரு ஷிப்ட் இழப்பார்கள். பெரியம்மா சொந்த ஊர் நோம்பிக்குப் போகிற வாரம் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

கார்டு முதலில்

தனியாக நிற்கிற பெண்ணுக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. அவை எல்லாம் ஒரே கதவு வழியாக வருகின்றன, அந்தக் கதவு ரேஷன் கார்டு. கணவனைப் பிரிந்து பொறந்த வீட்டுக்கு வந்தவரின் பெயர் மாமியார் வீட்டுக் கார்டில் இருக்கும். 2023 செப்டம்பர் 15 முதல் வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஒரு கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவிக்குத்தான். அங்கே தலைவி மாமியார். பெயரை அம்மா வீட்டுக் கார்டுக்கு மாற்றினால் இங்கே தலைவி அம்மா. தன் பெயரிலும் பிள்ளை பெயரிலும் தனிக் கார்டு எடுத்தால்தான் அவர் குடும்பத் தலைவி. அதற்குப் பழைய கார்டில் பெயரை நீக்க வேண்டும். ஆன்லைனில் நீக்கப் போனால் ஓ.டி.பி. மாமியார் வீட்டுக் கைபேசிக்குப் போகும். அங்கேதான் பலர் இரண்டு வருடம் நின்றுவிடுகிறார்கள். வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குவது, நகரவில்லையென்றால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கிற ரேஷன் குறைதீர் முகாமிலோ திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலோ அந்த ஒப்புகையோடு போவதுதான் வழி. தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். அம்மா வீட்டுத் திண்ணையறையில் இருந்தாலும் அடுப்பு தனியாக இருக்கட்டும்.

ஓய்வூதியத்தில் கைம்பெண்ணுக்கு வழி நேர். கணவனால் கைவிடப்பட்டவருக்குத்தான் வளைவு. வயது 30 ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவோ இல்லாவிட்டால், விட்டுப்போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். பத்தொன்பதில் கல்யாணம், இருபத்து மூன்றில் கைவிடப்பட்டால், 2023இல் 1,200 ஆக உயர்ந்த அந்தத் தொகைக்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். கையில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அது அப்போது நாலாம் வகுப்பு. பிள்ளைக்குப் பால் மாவு வாங்குகிற வருடங்களில் உதவி இல்லை. பிள்ளை தானே கடைக்குப் போகிற வருடத்தில் உதவி வருகிறது. இந்த ஐந்து வருடக் கணக்கை யார் எந்த மேசையில் போட்டார்களோ, அந்த மேசையில் மாத்தி உட ஆளில்லாதவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

இதைவிடப் பயனுள்ளதும் ஆனால் ஊரில் குறைவாகத் தெரிந்ததும் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. தாய் கைம்பெண்ணாகவோ விவாகரத்தானவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பிள்ளையின் பெயரில் மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்வதில்லை. வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. மாதக் கணக்கில் 6,000, 8,000. அதாவது கூடுதல் ஷிப்ட் நின்றால் இந்த வரம்பைத் தாண்டிவிடலாம், வேலையைக் குறைத்தால்தான் உதவிக்குள் வரலாம் என்ற விசித்திரமான நிலை இது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தின் 2,000 ரூபாய் வேறு வகை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கானது அது. ஒருவர் மட்டும் இறந்திருந்தால், இருக்கிற மற்றவர் பிள்ளையை விட்டுப் போயிருக்க வேண்டும், அல்லது ஊனமோ சிறைவாசமோ கடும் நோயோ இருக்க வேண்டும். நல்ல உடம்போடு தனியாக உழைக்கிறவருக்கு இது பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கிறவர்கள் உண்டு.

பிரிந்து வருகிற அன்றைக்குப் பையில் என்ன எடுப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நகையைத் தேடுவார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, கணவரின் ஆதார் நகல், கணவரின் சாதிச் சான்று நகல், கார்டின் இரண்டு பக்கமும் படம்: இவ்வளவு போதும். சாதிச் சான்று நகல் இல்லாமல் பின்னால் பிள்ளைக்குச் சான்று எடுக்கப் போனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசையும் "அப்பாவோடது எங்கம்மா?" என்றுதான் தொடங்கும். பள்ளி மாற்றத்தில் டி.சி. வரத் தாமதமாகிறது என்று சேர்க்கை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிகிற எமிஸ் இணையதளத்தில் பிள்ளையை விடுவிக்கிறதா என்று மட்டும் விடாமல் கேட்க வேண்டும். ஜீவனாம்சம் இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. இடைக்கால மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. உத்தரவுக்குப் பிறகு அவர் பணம் கட்டாத மாதங்களை வசூலிக்க ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், விட்டால் அந்த மாதங்கள் போச்சு.

பதினோரு மணிக் கூட்டம்

கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நாலு நாள் கம்பெனிக்குக் கட்டாய லீவு. மார்ச் 22, நவம்பர் 1 லீவு இல்லை. மார்ச் 22 தண்ணீர் தினம். கோடையில் தண்ணீர் எப்போது விடுவது என்று பேச வேண்டிய கூட்டம். காலை பதினோரு மணிக்குக் கூடி, பகல் பதினோரு மணிக்கே வால்வு திறக்கட்டும் என்று முடிவெடுத்தால், அந்த நேரத்தில் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர் குழாயடியில் எப்படிக் குடம் வைப்பார்? பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும், இல்லை லாரித் தண்ணீரைக் குடக் கணக்கில் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரைத் தினமும் கெஞ்சுகிறவர் அந்தத் தெருவின் பொது விஷயத்தில் வாயைத் திறக்க யோசிப்பார். ஐந்நூறிலிருந்து மூவாயிரம் பேர் வரை இருக்கிற பஞ்சாயத்தில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், நூறு பேர். நூறு நாள் வேலைத் திட்டத்து ஆட்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கோரத்தை நிரப்பிவிடுவார்கள். வராதவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள் என்று சட்டம் இருக்கிறது. வேலை நாள் பிற்பகலில் கூட்டினால் யார் வருவார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சுய உதவிக் குழுக்கள் இதில் மேல். தமிழ்நாட்டில் குழுக்கள் 1989இல் தர்மபுரியில்தான் தொடங்கின. கூட்டத்தை இரவு எட்டரைக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொள்ளும் உரிமை குழுவிடமே இருப்பதால் கைம்பெண்களும் தனித்து வாழ்பவர்களும் அங்கே நிற்க முடிந்தது. காலை ஏழு மணிக்குக் கூடுகிற மைக்ரோ பைனான்ஸ் குழு வேறு சாதி. நாமினி என்று வீட்டுக்காரரின் ஆதாரைக் கேட்பார்கள். அது இல்லாதவர் வார வட்டிக்காரரிடம் போவார்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைவியை இழந்தவருக்கு ஓய்வூதியம் என்று ஒன்றே கிடையாது. ஆனால் ஊர் அவரை முழுப் புள்ளியாகவே வைத்திருக்கும். ஆறு மாதத்தில் பெண் பார்க்கத் தொடங்கிவிடும், இல்லையென்றால் பிள்ளையை அம்மாயி வீட்டுக்கு அனுப்பச் சொல்லும். மகள் வயதுக்கு வருகிறபோதுதான் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். தனித்த அம்மாக்களுக்குக் காட்டப்பட்ட வழி இன்னும் கசப்பானது. மகள் மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி நூற்பாலையில் வேலை செய்தால் அவள் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று புரோக்கர்கள் ஊர் ஊராக வந்தபோது, அப்பா இல்லாத வீடுகளைத்தான் முதலில் தேடினார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தவருக்கு மனசாட்சி இருந்ததா என்று தெரியவில்லை.

மொய் நோட்டில் முழுப் புள்ளி

வரி நோட்டுக்குத் திரும்ப வருகிறேன். இரக்கத்தால் விட்டுவிடுகிறோம் என்பது உண்மையா என்று பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு நோட்டு இருக்கிறது. மொய் நோட்டு. பத்திரிகையில் மொய் தவிர்க்கவும் என்று அச்சடிக்கிற வீடுகள் இப்போது கூடிவிட்டன. என்றாலும் காதுகுத்து, சீர், கெடா வெட்டு என்று நோட்டு விரியாமல் இல்லை. இறந்துபோனவரின் கல்யாணத்தில் மற்றவர்கள் எழுதிய மொய்யை, அவர் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை, அந்தப் பெண்தான் திருப்பிச் செய்ய வேண்டும். அங்கே யாரும் "அந்தப் புள்ளைகிட்டப் போயி எதுக்குங்க" என்பதில்லை. அரை மொய் என்று ஒன்று கிடையாது. ஆயிரம் வாங்கியிருந்தால் ஆயிரத்துக்கு மேல்தான். அதே வீட்டுக் கல்யாணத்தில், பணத்தைக் கொடுத்துவிட்டுச் சீர் நடக்கிற இடத்திலிருந்து தள்ளி நிற்கவும் வேண்டும். சொந்த மகன் கல்யாணத்திலேயே சீரைப் பங்காளி வீட்டுப் பெண் செய்வதைத் தூணோரமாக நின்று பார்க்கிற அம்மாக்களைக் கொங்குக் கல்யாண மண்டபங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். கடன் என்று வரும்போது அந்த வீடு ஒரு முழு வீடு. குரல், சீர், கணக்குக் கேட்பது என்று வரும்போது அரை.

இதைப் பார்த்த பிறகு வரிச் சலுகையை இரக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் முழு வரியைக் கேட்டு வாங்கிக் கட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள். அதற்கு நாள் பார்க்க வேண்டும். வரி நோட்டு நிறைந்து புது நோட்டுக்குப் பெயர்களை நகல் எழுதுகிற நாள்தான் சரியான நாள்; அன்றைக்கு விட்டால், இறந்தவர் பெயரோடு, அவர் வீட்டார் என்ற பொருளில் "வகை" என்று சேர்த்து எழுதிய பழைய பதிவே இன்னும் பல வருடம் ஓடும். பூச்சாட்டுக்கு முந்தின கூட்டத்திலேயே, பெயர் தன் பெயரில் ஏற வேண்டும், சொல்லிவிட வேண்டிய எண் இது என்று சொல்லிவிட வேண்டும். முழு வரி ஒரே தடவையில் முடியாவிட்டால் நாலு சனிக்கிழமையாகப் பிரித்துக் கட்டுகிறேன் என்றால் நோட்டுக்காரர் மறுக்கமாட்டார், ஏலச்சீட்டுக்கு அப்படித்தானே வாங்குகிறார். ரசீதை மட்டும் அந்தந்த வாரமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் மொத்தமாக எழுதித் தருகிறேன் என்று விட்டுவிட்டால், ரசீதும் பழையபடி "வகை" என்றுதான் வரும்.